சம்பந்தி அடைபட்ட மாதம்

என் கொழுந்தனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவிலும் சுற்றியிருந்த தெருக்களிலும் அவர் சம்பந்தி. அவர் எல்லாரையும் சம்பந்தி என்று கூப்பிட்டார், எல்லாரும் அதையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆடு வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் அவரிடம் இருந்த பொலிகிடாதான் மருமகன். ஆகவே ஊரே அவருக்குச் சம்பந்தி முறை. கிடாவின் பெயரும் மாப்பிள்ளைதான்.

ஆள் மட்டும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதைக் குத்திக்காட்டாத வாய் கிடையாது.

"தனக்கு ஒண்ணுக்கு வழியில்ல, ஆட்டுக்கு மட்டும் வருஷம் முழுக்கக் கல்யாணம்" என்பாள் டீக்கடைக்காரம்மா.

"தரகன் வீட்டுல என்னைக்கு மேளம் கொட்டியிருக்கு, சம்பந்தி?" என்று சொல்லிவிட்டு இவர் டீயை உறிஞ்சுவார்.

என் வீட்டுக்காரருக்கு அடுத்தது ஒரு தங்கை, அவளுக்கும் அடுத்தது இவர், கடைக்குட்டி. நான் அந்த வீட்டில் காலெடுத்து வைத்தபோது அரை நிக்கரோடு வந்து என் பெட்டியைத் தூக்கியவர். அதன் பிறகு சைக்கிள் கடையில் இருந்தார், செங்கல் சூளையில் இருந்தார், பஸ்ஸில் கிளீனராக இருந்தார். எதுவும் ஒட்டவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் யாரோ ஓர் ஆட்டுக்குட்டியை மறந்துவிட்டு இறங்கிப் போனார்கள். குடையை மறப்பார்கள், செருப்பை மறப்பார்கள், ஆட்டுக்குட்டியை மறந்தவர்களை அன்றுதான் கேள்விப்பட்டேன். யாரும் வந்து கேட்கவில்லை. குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அந்தக் குட்டி வளர்ந்துதான் முதல் மாப்பிள்ளை. நான் சொல்லப்போவது அதன் பேரன் காலத்தில் நடந்தது.

எங்கள் வீட்டின் பின்னறை அவருடையது. ஒரு கயிற்றுக் கட்டில், ஆணியில் தொங்கும் கண்ணாடி, ஜன்னல் விளிம்பில் இரண்டு சீப்பு. ஒன்று அவருக்கு, ஒன்று கிடாவுக்கு. எது யாருடையது என்று நான் கேட்டதில்லை, பதிலைத் தாங்கும் தைரியம் எனக்கு இல்லை. அறைக்கு வெளியே தகரக் கொட்டகையில் மாப்பிள்ளை. பொலிகிடாவின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம், தெரியாதவர்களுக்கு விளக்கியும் புரியாது. துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் அதே வாசனை. சண்டை போட்டால், "அண்ணி, அது காத்துல போற விளம்பரம். காசு கொடுக்காம நாலு தெருவுக்குப் போய்ச் சேருது" என்பார்.

சொந்தபந்தங்களை நினைவில் வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. ஆனால் அவரிடம் நான் தோற்றேன். தையற்காரர் வீட்டு வெள்ளையும் டீக்கடைச் செவலையும் ஒரு தகப்பன் பிள்ளைகள், செவலையின் குட்டி தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கறுப்புக்குச் சித்தப்பா முறை என்று ஒரே மூச்சில் சொல்வார். "அந்தச் சித்தப்பாவை வெட்டிட்டாங்களே தம்பி" என்றால் முகம் வாடிவிடும்.

அவர் வேலை செய்யும் முறை தனி. ஓர் ஆடு கிடாவைத் தேடிக் கத்த ஆரம்பித்ததும் அந்த வீட்டிலிருந்து ஆள் வரும். இவர் மாப்பிள்ளையைக் குளிப்பாட்டி, தாடியைச் சீவி, பெயிண்ட் வந்த மஞ்சள் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுவார். போனதும் பெண் பார்க்கும் படலம். ஆட்டின் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பல்லைப் பார்ப்பார், ஈறைத் தடவுவார், "வயசு சரி, குணமும் சரி" என்பார். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துக் கிடாவைப் பாதி குடிக்கவிட்டு மீதியை அந்த ஆட்டுக்கு வைப்பார்.

"ஒரே வாளித் தண்ணி குடிச்சாத்தான் சினை நிக்கும்" என்பது அவர் கட்சி. எங்கே கற்றாரோ, கற்பித்த புண்ணியவான் யாரோ. ஒரு முறை தையற்காரர் வீட்டில் அவசரத்தில் இதை விட்டுவிட்டார், அந்த ஆடு சினைப்படவில்லை. அதோடு ஊர் முழுக்க நம்பிக்கை வேர்விட்டது. வாளி காலியாகாமல் யாரும் அவரை வெளியே விடமாட்டார்கள். ஆட்டுக்குத் தாகம் இல்லையென்றால் தண்ணீரில் உப்புப் போட்டாவது குடிக்க வைத்தார்கள். வாளியை அவர் கழுவியதும் இல்லை. கழுவினால் ராசி போய்விடுமாம்.

எல்லா வீட்டுக் கதவும் அவருக்குத் திறந்தது, ஒரு வீட்டைத் தவிர. அது அவருடைய சொந்த அக்கா வீடு, என் நாத்தனார் வீடு.

அவளிடம் ஓர் ஆடு இருந்தது. ஒரு காது குட்டை, ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்தது. அவளுக்கு அது தங்கம். இவர் கிடாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று மாப்பிள்ளை அதை ஒரு முறை முகர்ந்துவிட்டு வேலியில் இலை மேயப் போய்விட்டது. கிடாவுக்கு அன்று என்ன நினைப்போ. இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, மாப்பிள்ளைக்குப் பொண்ணைப் பிடிக்கல போல!"

வேடிக்கை பார்த்த தெருவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"என் பொண்ணுக்கும் மாப்பிள்ளையைப் பிடிக்கல. வந்த வழியே கூட்டிட்டுப் போ. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

அவ்வளவுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறொருவர் வைத்திருந்த கிடாவிடம் தன் ஆடுகளை நடத்திக்கொண்டு போனாள். அந்த ஆடு கிழடாகி இறந்தும் கோபம் இறக்கவில்லை. என் வீட்டில் இருவரும் எதிர்ப்பட்டால் அவள் சுவரைப் பார்த்துப் பேசுவாள், இவர் கூரையைப் பார்த்துப் பேசுவார். நடுவில் நான் தபால்காரி. ஊருக்கெல்லாம் சம்பந்தியாக இருந்த மனிதருக்கு அக்கா வீட்டு டீ ஒன்று கிடைக்காதது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொல்லமாட்டார். ஆனால் அந்தத் தெரு வந்தால் கிடாவை மெதுவாக நடத்துவார்.

பிறகு பாலத்துக்காரர் தன் கிடாவை விற்றுவிட்டார். நாத்தனாரின் புருஷன் ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஆலையில் வேலை, சாது, பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாதவர்.

"உங்க அக்கா உங்களைக் கூப்பிட்டுட்டு வரச் சொன்னா... இல்ல, கூப்பிடச் சொல்லல. 'ஆடு கத்துது'ன்னு சொன்னா. என்னைப் பார்த்துச் சொன்னா. அதான் வந்தேன்."

"இதோ வரேன் மாமா!" என்று இவர் எழுந்த வேகத்தில் கட்டில் சாய்ந்தது.

இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்த தலை. தலை இரண்டும்தான், கிடாவுடையதையும் சேர்த்து. அக்காவையும் தம்பியையும் தனியே விடப் பயந்து நானும் கூடப் போனேன். வழியில் டீக்கடைக்காரம்மா மறித்தாள். அவளுடைய செவலையும் கத்திக்கொண்டிருந்ததாம், முதலில் அதை முடித்துவிட்டுப் போகச் சொன்னாள். இவர் வழக்கம்போல் உதட்டைத் தூக்கினார். வாயோரத்தில் மிளகு அளவுக்கு ஒரு பொருக்கு இருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "முள்ளு குத்தியிருக்கு சம்பந்தி, ஒண்ணுமில்ல" என்றார். வாளித் தண்ணீரைக் கிடா பாதி, செவலை பாதி. அங்கிருந்து நேரே நாத்தனார் வீடு.

அவள் கதவைத் திறந்து கிடாவை மட்டும் பார்த்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. துணைக்கு யாரையோ கூட்டிட்டு வந்திருக்கீங்க போல. அவங்க டீ குடிப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

இவரும் கிடாவின் காதில் சொன்னார். "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருந்தாக் குடிப்பாங்கன்னு சொல்லுடா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பை மறைக்கத்தான் திருப்பினாள், நான் பார்த்துவிட்டேன்.

கொட்டகையில் இரண்டு ஆடுகள். கத்திய ஆடு தன் பங்குத் தண்ணீரைக் குடித்தது. பக்கத்தில் புதிதாக மூன்று குட்டி போட்ட தாயாடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அதே வாளிக்குள் தலையை விட்டது. "பெரியம்மாவும் குடிக்கட்டும், கல்யாண வீடுதானே" என்று இவர் வாளியைச் சாய்த்துக் கொடுத்தார். டீ வந்தது. சர்க்கரை தூக்கலாகவே இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். டீக்கடைச் செவலையின் வாய் முழுக்கப் பொருக்கு. தையற்காரர் வீட்டு வெள்ளைக்கும் அதே. அடுத்து தொட்டிப் பக்கத்துக் கறுப்பு. உதடு வீங்கி, இலையை முகர்ந்துவிட்டு மெல்ல முடியாமல் நின்றன. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தீவனக் கடைத் தவிட்டில் பூச்சி என்றார் ஒருவர், முள் இலை என்றார் ஒருவர், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள் டீக்கடைக்காரம்மா. யார் கண் என்றும் சொன்னாள், அதை நான் எழுதமாட்டேன், அவர்களோடு இன்றும் பேச வேண்டியிருக்கிறது.

கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார், கழுவிக்கொண்டு வெளியே வந்தார். கடைசியில் டீக்கடை எதிரில் கூட்டம் கூடியது.

"இது வாய்ப்புண் நோய். வைரஸ்ல வர்றது, ஊசி போட்டு இதைக் கொல்ல முடியாது. பெரிய ஆடுகளுக்கு ஒரு மாசத்துல தானா ஆறிடும். பொருக்கைப் பிய்க்காதீங்க, அதுலதான் கிருமி இருக்கு. ஊதா மருந்து தடவுங்க. பால் குடிக்கிற குட்டிங்களைத்தான் ஜாக்கிரதையாப் பார்க்கணும். வாய் வலிச்சாக் குடிக்காது, குடிக்கலைன்னா தங்காது. அது சரி, இத்தனை வீட்டுக்கும் யாரு போய் வந்தா?"

"யாரும் வரல டாக்டரம்மா" என்றார் தையற்காரர். "மாப்பிள்ளை மட்டும்தான் வந்தாரு."

கிடாவைக் கொண்டுவரச் சொன்னார். வாய் பளிச்சென்று இருந்தது. குட்டியாக இருந்தபோது ஒரு தடவை இதே மாதிரி வந்து ஆறியிருந்ததாம், அதனால் மறுபடி தொற்றவில்லையாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா! என் பையன் சுத்தத் தங்கம்!" என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கையில் கட்டைவிரலுக்குத் துணி சுற்றியிருந்தது.

"அது என்ன?"

"முள்ளு குத்திடுச்சு டாக்டரம்மா."

துணியை அவிழ்த்தார்கள். விரல் நுனியில் சிவந்த கொப்புளம், நடுவில் பொருக்கு, செவலையின் உதட்டில் இருந்தது போலவே.

"ஆட்டு வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவீங்க? அப்படியே செஞ்சு காட்டுங்க."

கேட்க வேண்டுமா? கூட்டம் வேறு பார்க்கிறது. டீக்கடை டப்பாவை ஆடாக வைத்து உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறைத் தடவிக் காட்டினார். பிறகு மஞ்சள் வாளியைத் தூக்கிப் பிடித்து, பாதி மாப்பிள்ளைக்கு, மீதி பொண்ணுக்கு, கழுவினால் ராசி போகும் என்று விலாவாரியாகச் சொன்னார். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் மாறியது. அவர் முகத்தைப் பார்த்துக் கூட்டத்தின் முகம் மாறியது. கடைசியாகத்தான் இவர் முகம் மாறியது.

"கிடாவுக்கு ஒண்ணுமில்லைதான். ஒரு வீட்டு ஆட்டு எச்சில் அடுத்த வீட்டுக்கு இந்த வாளியில போயிருக்கு. விரலும் ஒத்தாசை பண்ணியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

"சீர் கொண்டுவரலையேன்னு நினைச்சேன் சம்பந்தி, வாளி நிறையக் கொண்டுவந்துட்டீங்களே!" என்றார் தையற்காரர். எல்லாரும் சிரித்தார்கள், பாதிக் கோபத்தோடு. இவர் வாளியைக் கீழே வைத்தார். அக்கா வீட்டுத் தாயாடு வாளிக்குள் தலை விட்டது இவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். எனக்கும் வந்தது.

அன்று சாயங்காலமே மாமா, நாத்தனாரின் புருஷன், வந்தார். தாயாட்டுக்கு வாயிலும் புண், காம்பிலும் புண். குட்டி வாய் வைத்தால் உதைக்கிறது. மூன்று குட்டிக்கும் உதட்டில் பொருக்கு. "நான் ஆலைக்குப் போகணும். அவ ஒருத்தியா மூணுக்கும் ரெண்டு மணிக்கொரு தரம் புட்டி வைக்க முடியல. கீழ கிடக்கிற சின்னது எழுந்திருக்கவே இல்ல" என்றார். இவரைக் கூப்பிடவும் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மச்சானிடம் அவருக்கு அதற்குமேல் அதிகாரம் கிடையாது.

மூன்றும் போய்விட்டால் அந்தக் கதவு இனி ஜென்மத்துக்கும் திறக்காது. இவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

இவர் டாக்டரம்மாவைத் தேடிப் போனார். "நான் போய்ப் பால் கொடுக்கலாமா?"

"கை உறை போட்டுக்கிட்டுக் கொடுங்க. ஆனா உள்ள போனா உள்ளயே இருக்கணும். அங்க பொருக்கு உதிர்ற வரைக்கும் வேற எந்த ஆட்டு வீட்டுப் பக்கமும் தலை காட்டக் கூடாது."

வீடு வீடாகச் சுற்றியே வாழ்ந்த மனிதர். உடனே பாயைச் சுருட்டினார். "அண்ணி, மாப்பிள்ளையைப் பார்த்துக்குங்க. தாடியை மட்டும் தினம் சீவிடுங்க" என்றார். எந்தச் சீப்பு என்று அன்றுதான் எனக்குச் சொன்னார். நான் பயந்தது வீண்போகவில்லை, அவர் தலை சீவிக்கொள்வதை நான் பார்த்த சீப்புதான் அது.

பாயோடு அவர் போய் நின்றபோது நாத்தனார் வாசலை மறித்து நின்றாள். பால் தூக்கோடு நான் பின்னால் நின்றேன். அவள் புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "நோயைக் கொண்டுவந்தவங்களே நர்ஸாவும் வர்றாங்களாமா?"

இவர் வாசப்படிக்கு வெளியே தலைகுனிந்து நின்றார். அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கொட்டகையிலிருந்து ஒரு குட்டி கத்தியது. கத்தல் என்றுகூடச் சொல்ல முடியாது, கதவுக் கீல் முனகின மாதிரி. அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

தினமும் பால் டிப்போவில் பசும்பால் வாங்கிக்கொண்டு போய்ச் சுவருக்கு மேலே கொடுப்பது என் வேலை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். இவர் மருத்துவக் கையுறை மாட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான பாலைப் புட்டியில் ஊற்றி, குட்டியை மடியில் இருத்தி, ஒரு கையால் அதன் வாலடியை மெல்லச் சொறிவார். தாயாடு பால் கொடுக்கும்போது அங்கேதான் முகர்ந்து நக்கும், அந்த நினைப்பில் குட்டி சப்ப ஆரம்பிக்கும். இரண்டு குட்டிகள் அழுதுகொண்டே சப்பின. சின்னது மட்டும் வாயை இறுக்கிக்கொண்டது. வாலடியைச் சொறிந்தும் பயனில்லை. மறுநாளும் அப்படியே. விலா எலும்பைத் தொட்டு எண்ணலாம்.

இவர் புட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவள் வந்து எதிரில் சம்மணம் போட்டாள். குட்டியின் தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். இவர் புட்டியை எடுத்து வாயோரத்தில் வைத்தார். ஒரு சொட்டு விழுந்தது, வெளியே வழிந்தது. இன்னொரு சொட்டு.

"குடிடி" என்றாள் அவள் குட்டியிடம். "தாய்மாமன் கையால கொடுத்தாக் குடிக்கமாட்டியா? அவ்வளவு ரோஷமா உனக்கு?"

இவர் கை நின்றுவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் தூக்கை இறக்க மறந்து நின்றேன்.

"பாலைக் காட்டுடா, வேடிக்கை பார்க்காதே!" என்றாள். அது குட்டிக்குச் சொன்னதில்லை.

குட்டி நாக்கை நீட்டி ஒரு சொட்டை நக்கியது. பிறகு காம்பைக் கவ்வியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சண்டையாகத்தான் போட்டார்கள், தெருவுக்கே கேட்டது. "பால் ஆறிப்போச்சுடா சோம்பேறி!" "அக்கா, உனக்குச் சூடும் தெரியல, சொரணையும் தெரியல!" "கையுறையை எங்கடா கழட்டி வச்ச? சோத்துப் பானை மேலயா?" ஆலையிலிருந்து வந்த மாமா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். அவருக்கு இது பாட்டுக் கச்சேரி.

தெருவெல்லாம் ஊதா உதட்டோடு ஆடுகள். சாயம் பூசிக்கொண்டு எங்கோ புறப்பட்ட பெண்களைப் போல நின்றன. கோபக்காரர்களுக்குக்கூட அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. செவலை மறுபடி இலை மென்ற அன்று டீக்கடைக்காரம்மா, "சம்பந்திக்குச் சொல்லுங்க, என் வீட்டுல தனிக் குண்டான் வாங்கி வச்சுட்டேன். வரும்போது கை வீசிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். ஒவ்வொரு வீடாக அதே சேதி வந்தது. நான்தான் கிடாவின் தாடியைச் சீவிச் சீவி அலுத்துப்போனேன். அது இவரைத் தேடிக் கத்திய கத்தலில் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு முன்வாசலுக்குக் குடிபெயர்ந்தார்.

மாதம் முடிந்து டாக்டரம்மா நாத்தனார் வீட்டுக்கு வந்த அன்று, இவரைக் கையோடு அழைத்துப்போக நானும் வாசலில் தயாராக நின்றேன். தாயாட்டுக்கு ஆறியிருந்தது. பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத்தோல் தெரிந்தது. அவற்றைக் கூட்டி எரித்துத் தரையைக் கழுவியிருந்தார்கள். மூன்று குட்டிகளும் டாக்டரம்மாவின் பையை இழுத்து விளையாடின. இவர் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்.

"எல்லாம் சரியாயிடுச்சு. இனி நீங்க கிளம்பலாம்" என்றார் டாக்டரம்மா.

நாத்தனார் சின்னக் குட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இதோட வாயோரத்தைக் கொஞ்சம் பாருங்க டாக்டரம்மா. ஏதோ வெள்ளையா இருக்கே."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "பால் காஞ்சிருக்கும்மா."

"இல்லைங்க, நல்லாப் பாருங்க. இன்னும் ஆறாத மாதிரி எனக்குத் தோணுது. ஆள் வேணுமே, நான் ஒருத்தியா எப்படிப் பார்ப்பேன்?"

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இவரைப் பார்த்தார். இன்னொரு தரம் குனிந்து குட்டியின் வாயை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டே போகட்டும்."

"அப்ப மாப்பிள்ளையை யாரு பார்க்கிறது?" என்று நான் வாசலிலிருந்து கத்தினேன்.

என்னை யாரும் கவனிக்கவில்லை. "பாயை விரிடா, நின்னுட்டே இருக்கான் பாரு" என்று அவள் சொல்ல, இவர் அவசர அவசரமாக விரித்துக்கொண்டிருந்தார்.